செடான் காருக்கு ஊருக்குள் மைலேஜ் ஏன் விழுகிறது? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16, 17 கிலோமீட்டர் கொடுக்கிற கார், ஊருக்குள் வந்ததும் 10-க்கு இறங்கிவிடும். உடனே மனம் ஒர்க்‌ஷாப் பக்கம் போகும். பிளக் மாற்றலாமா, இன்ஜெக்டர் கழுவலாமா, டேங்கில் ஏதாவது ஊற்றலாமா என்று யோசிப்போம். பெரும்பாலான கார்களில் கோளாறு அங்கே இல்லை. நெடுஞ்சாலையில் பெட்ரோல் செலவாவது கிலோமீட்டர் கணக்கில். ஊருக்குள் அது நிமிடக் கணக்கிலும், எத்தனை முறை பிரேக் மிதித்தோம் என்ற கணக்கிலும் போகிறது. இது பிடிபட்டால்தான், கோளாறு காரிலா சாலையிலா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

செடானுக்கு இதில் தனியாக ஒரு பாதகம் உண்டு. தாழ்ந்து, பின்பக்கம் சரிந்து வரும் அதன் உடலமைப்பு காற்றில் எளிதாக வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறி இறங்குவது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இருக்கும் தடையில் பத்தில் ஒரு பங்குகூட 30-ல் இருக்காது. ஆக, செடானின் பெரிய பலம் ஊருக்குள் வேலைக்கே வருவதில்லை. நிற்பதும் கிளம்புவதுமான இடத்தில் எடைதான் பேசும். அதே என்ஜின் போட்ட ஹேட்ச்பேக் பொதுவாகச் செடானைவிட எடை குறைவு. அதனால்தான் சாலையில் முந்துகிற செடான் நெரிசலில் தோற்கிறது.

இங்கே சொல்வது சாதாரண பெட்ரோல் செடானுக்கு. டீசலுக்கும் பெரும்பாலானது பொருந்தும், பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டுக்குப் பொருந்தாது.

படி 1: முதலில் ஒழுங்காக அளவெடுங்கள்

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பல கார்களில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். பழைய முறைதான் சரி. டேங்கை நிரப்பி, பம்ப் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பம்பில், அதே போல் முதல் நிறுத்தம் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

ஒரு டேங்க் போதாது. நிரப்பும் அளவு ஒரு லிட்டர் முன்னேபின்னே ஆனாலே, 35 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3 சதவீதப் பிழை. மூன்று டேங்க் தொடர்ந்து எழுதி வைத்து மொத்தமாக வகுங்கள். கால் டேங்க் ஊற்றிக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, பிழை மைலேஜையே விழுங்கிவிடும்.

டயர் அளவை மாற்றியிருந்தால் இன்னொரு விஷயம். வெளிவிட்டம் பெரிதான டயர் போட்டால் ஓடோமீட்டர் உண்மையான தூரத்தைவிடக் குறைத்துக் காட்டும், மைலேஜும் இல்லாத அளவுக்குக் குறைந்ததாகத் தெரியும். தெரிந்த தூரம் ஒன்றை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 2: சராசரி வேகத்தைப் பாருங்கள்

என்னைக் கேட்டால், காரின் திரையில் மிக உபயோகமான எண் மைலேஜ் அல்ல, சராசரி வேகம். யாரும் அதைப் பார்ப்பதில்லை. திரையில் அது இல்லையென்றால், வழக்கமான பாதையின் தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் நின்ற நேரமும் சேர்த்துத்தான்.

நிறுவனம் அறிவித்த மைலேஜ் ஏன் கைக்கு எட்டுவதில்லை என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறையில் கார் ஓடுவது 23 கிலோமீட்டருக்குச் சற்று மேல், சராசரி வேகம் மணிக்கு 46.5 கி.மீ. நெரிசலான ஊரைப்போல் இருக்கும் முதல் பகுதி அதில் 3 கிலோமீட்டர் சொச்சம்தான். ஏசி போடுவதும் கிடையாது. அமெரிக்காவின் நகரச் சோதனை ஓட்டத்தில்கூடச் சராசரி மணிக்கு 34 கி.மீ. உங்கள் சராசரி 15 என்றால், நீங்கள் எழுதுவது வேறு பரீட்சை.

படி 3: ஒரு கிலோமீட்டருக்கான கணக்கைப் போடுங்கள்

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடை, 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் உள்ள ஒரு செடானை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32,000 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. கீழே வருபவை தோராயங்கள், ஆனால் திசை தவறாது.

முதல் செலவு, காரை நகர்த்துவது. டயர் உருளும்போது ஏற்படும் தடை எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டருக்கு அது 127 கிலோஜூல் கேட்கும். அடுத்து, நின்ற காரை 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக 125 கிலோஜூல் வேண்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு முறை பிரேக் அடித்து நிறுத்தினால், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் காரை உருட்டும் அளவு ஆற்றலைப் பிரேக் பேடில் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, என்ஜின் சும்மா சுற்றுவதற்கான செலவு. இந்த அளவு என்ஜின் ஐட்லிங்கில் மணிக்கு சுமார் 0.8 லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். உள் உராய்வு, முக்கால்வாசி மூடியிருக்கும் திராட்டில் என்ற காற்றுக் கதவின் வழியே காற்றை உறிஞ்சும் சிரமம், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், பம்புகள் எல்லாம் இதில் அடக்கம். கார் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. பெட்ரோல் என்ஜின் நல்ல சுமையில் 35 சதவீதத் திறனைத் தொடக்கூடியது. ஊருக்குள் அதில் பாதிக்குக் கீழே இறங்கிவிடுவதற்கு முக்கியக் காரணம், வேலை கொஞ்சமாகவும் இந்த அடிப்படைச் செலவு பெரிதாகவும் இருப்பதுதான்.

மூன்றாவது ஏசி. கம்ப்ரஸர் சராசரியாக 1 கிலோவாட் எடுப்பதாகக் கொள்வோம்.

அடிப்படைச் செலவைத் தனியாக எடுத்துவிட்டதால், நகர்த்துவதற்கும் ஏசிக்கும் அந்த 35 சதவீதத் திறனையே வைத்துக்கொள்வோம். இப்போது சராசரி 15 கி.மீ. வேகத்தில், மூன்று முறை 30 வரை வேகமெடுத்து நின்று நின்று போகிற ஒரு கிலோமீட்டர். அதற்கு 4 நிமிடம் ஆகிறது. காரை நகர்த்தவும் நின்று கிளம்பவும் 25 மில்லி. என்ஜின் 4 நிமிடம் சுற்ற 53 மில்லி. ஏசிக்கு 21 மில்லி. மொத்தம் 99. அதாவது லிட்டருக்கு 10 கிலோமீட்டர்.

அதே கார் நெடுஞ்சாலையில் சீராக 80-ல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 45 விநாடிதான். காற்றுத் தடை சேர்வதால் நகர்த்தும் செலவு 32 மில்லியாக ஏறும். என்ஜின் வேகமாகச் சுற்றுவதால் விநாடிக்கு ஆகும் உராய்வுச் செலவு அதிகம், ஆனால் நேரம் குறைவு என்பதால் 25 மில்லியில் முடிந்துவிடும். ஏசிக்கு வெறும் 4. மொத்தம் 61, லிட்டருக்குப் பதினாறரை.

ஊர்க் கணக்கில் பெரிய தொகை எது என்று கவனித்தீர்களா? காரை நகர்த்துவதல்ல. பெட்ரோலில் பாதிக்கு மேல் என்ஜின் உயிரோடு இருப்பதற்கே போகிறது. இதே காரில் சராசரி வேகம் 25-க்கு ஏறினால் மைலேஜ் 14-ஐ நெருங்கும். 10-க்கு விழுந்தால் 7 பக்கம் வந்து நிற்கும். காரில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், வீட்டிலிருந்து அரை மணி முன்னதாகக் கிளம்புவதால் மட்டும் வரக்கூடிய வேறுபாடு இது.

உங்கள் என்ஜின் 2 லிட்டர் என்றால் ஐட்லிங் செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள், எடை கூடுதல் என்றால் முதல் செலவைக் கூட்டுங்கள். இப்படிப் போட்ட கணக்குக்கும் மூன்று டேங்க் சராசரிக்கும் பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசம் இருந்தால் கார் நலம். கால்வாசிக்கு மேல் குறைந்தால்தான் காரைச் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதக் கலப்பில் சுமார் 3 சதவீதமும், 20 சதவீதக் கலப்பில் ஆறேழு சதவீதமும் அதனாலேயே குறையலாம்.

படி 4: வலது காலைக் கவனியுங்கள்

மைலேஜ் வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதி என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். வேகமெடுக்கச் செலவான ஆற்றல் காரின் ஓட்டமாகக் காரிடமே இருக்கிறது. அதை நாம் இழப்பது பிரேக் மிதிக்கும் நொடியில். ஆகவே கவனிக்க வேண்டிய பெடல் பிரேக்தான். சிக்னல் சிவப்பாக இருப்பது 200 மீட்டருக்கு முன்பே தெரிகிறது, அதுவரை வேகமெடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் அழுத்தி நிறுத்துகிறோம். முன்னால் போகிறவரும் அதைத்தான் செய்கிறார் என்பதால் நமக்கு உறுத்துவதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நின்று நின்று போகும் போக்குவரத்தில் முரட்டுத்தனமாக ஓட்டுவது மைலேஜில் 10 முதல் 40 சதவீதம் வரை தின்றுவிடும்.

செய்ய வேண்டியது: முன்னால் உள்ள வண்டிக்கு இடைவெளி விடுங்கள். சிவப்பு தெரிந்ததும், கியரிலேயே வைத்துக்கொண்டு காலை எடுத்துவிடுங்கள். இன்றைய இன்ஜெக்ஷன் என்ஜின்கள் சூடேறிய பிறகு, கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். சுழற்சி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆர்பிஎம் அருகே இறங்கும்போதுதான் மறுபடி ஊற்றத் தொடங்கும். நியூட்ரலில் தள்ளிவிட்டால் மிச்சம் என்று நினைப்பவர்கள் பலர். நிறுத்தப் போகிற இடத்தில் நியூட்ரல் போட்டால் ஐட்லிங் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், காரின் மீதான பிடியும் குறையும். அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம்.

கிளம்பும்போது மிதமாக மிதித்து, 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் கியரை ஏற்றுங்கள். முட்டை உடையாமல் மிதிப்பதுபோல் இரண்டாவது கியரிலேயே தவழ்வதும் வீண்தான். அதற்காக என்ஜின் உதறும்படி பெரிய கியரில் இழுக்க வைக்காதீர்கள். ஹாஃப் கிளட்சில் ஏற்றத்தில் நிறுத்தி வைக்கிற பழக்கமும் ஒழிய வேண்டும். பெட்ரோலைவிடக் கிளட்சுக்கு அது கேடு.

நிற்கும் நேரம் 10 விநாடிக்கு மேல் போகுமென்று தெரிந்தால், என்ஜினை அணைத்துப் போடுவது பெட்ரோல் கணக்கில் லாபம் என்கிறது அதே துறை. நடைமுறையில், நீண்ட சிக்னலுக்கும் ரயில்வே கேட்டுக்கும் மட்டும் செய்தால் போதும், ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. தானே அணைந்து எழும் வசதி உள்ள கார் திடீரென அப்படிச் செய்வதை நிறுத்திவிட்டால், முதலில் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி தளர்ந்தால் அந்த வசதி சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும், மைலேஜும் கூடவே இறங்கும்.

டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினின் விசையை எண்ணெய் வழியே கியருக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்கில், டி-யில் வைத்துப் பிரேக்கை மிதித்து நிற்கும்போது அந்தப் பாகத்தின் எண்ணெயை என்ஜின் வீணாகக் கடைந்துகொண்டிருக்கிறது. நீண்ட நிறுத்தங்களில் நியூட்ரலுக்கு மாற்றினால் கொஞ்சம் மிச்சம்.

படி 5: ஏசியை நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

ஏசி நெடுஞ்சாலையில் ஒரு பொருட்டே இல்லை, ஊரில் ஐந்தில் ஒரு பங்கு என்று மேலே பார்த்தோம். கடும் வெயிலில் குறுந்தூரப் பயணத்தில் கால்வாசிக்கு மேல்கூட எடுக்கும். வெந்துகொண்டு ஓட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். நிழலில் நிறுத்துவது, கிளம்பியதும் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றுவது, குளிர்ந்ததும் உள்காற்றுச் சுழற்சியில் வைப்பது ஆகிய மூன்றும் போதும். ஏசி முன்போல் குளிரவில்லை, கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது என்றால் கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது முன்பக்கக் கண்டென்சர் தூசியால் அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்தால் குளிர்ச்சியும் மைலேஜும் சேர்ந்து திரும்பும்.

படி 6: கையால் பார்க்கக்கூடியவை

டயர் காற்று: ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால், 5 பிஎஸ்ஐ குறைந்தால் போவது ஏறக்குறைய 1 சதவீதம்தான். மைலேஜ் பாதியாகிவிட்டதற்கு டயரைக் குறை சொல்ல முடியாது.

பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய வில்லன், பலர் கவனிக்காததும்கூட. சமதளத்தில் என்ஜினை அணைத்து, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, உள்ளே ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு தள்ளிப் பாருங்கள். நகரத் தொடங்கிய பிறகு பதின்மூன்று, பதினான்கு கிலோ விசைக்கே கார் உருள வேண்டும். ஒருவரால் முடிகிற வேலை அது. மூச்சுப் பிடித்தும் நகரவில்லையென்றால் ஏதோ ஒரு சக்கரம் இறுகியிருக்கிறது. இன்னொரு வழி: பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையை நீட்டுங்கள். ஒன்று மட்டும் கனன்றால், பிரேக் பேடை அழுத்தும் கேலிபர் சிக்கியிருக்கிறது.

டிக்கியைக் காலி செய்யுங்கள். செடானின் டிக்கி ஆழமானது என்பதால் என்ன கிடக்கிறது என்பதே மறந்துபோகும். 45 கிலோ சுமைக்கு மைலேஜில் 1 சதவீதம் போகும் என்பது கணக்கு.

படி 7: என்ஜின் சூடேறுகிறதா?

குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், எண்ணெயும் தடிமனாக இருக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டு, மணிக்கணக்கில் ஆறிய பிறகு திரும்பக் கிளம்பும் கார், வாழ்நாள் முழுவதும் மோசமான கட்டத்திலேயே ஓடுகிறது. சின்னச் சின்ன வேலைகளை ஒரே சுற்றில் முடிப்பதுதான் இதற்கு மருந்து. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் சூடேற்றுவது உதவாது. அரை நிமிடத்தில் கிளம்பி மென்மையாக ஓட்டினால் சீக்கிரம் சூடேறும்.

என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை (குளிர்விக்கும் நீரை) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் நீண்ட தூரத்திலும் இதே கதைதான். சூட்டுமானியின் முள் வழக்கமான இடத்துக்கு வராமல் கீழேயே நின்றாலோ, வேகமாகப் போகும்போது இறங்கினாலோ அதைச் சந்தேகப்படுங்கள்.

படி 8: ஸ்கேனரைச் செருகுங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியிலிருந்து தகவல் எடுக்க உதவும் ஓபிடி சாக்கெட் இருக்கும். மலிவான புளூடூத் கருவியும் ஒரு செயலியும் போதும். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

கூலன்ட் வெப்பநிலை: சூடேறிய பின் பெரும்பாலான கார்களில் 85 முதல் 105 டிகிரிக்குள் நிற்க வேண்டும். எழுபதிலேயே தங்கினால், அல்லது பி0128 என்ற குறியீடு வந்தால், தெர்மோஸ்டாட்.

நீண்டகால எரிபொருள் திருத்தம்: கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்ற அளவு, லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் என்று காட்டும். பூஜ்யத்திலிருந்து இருபுறமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. மைனஸ் பக்கம் அதைத் தாண்டினால், பெட்ரோல் அதிகமாக வருவதால் கணினி குறைக்கப் போராடுகிறது என்று பொருள். ஒழுகும் இன்ஜெக்டர், எரிபொருள் அழுத்தம், மூடாத பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடுவது) ஆகியவற்றைத் தேட வேண்டும். பி0172 வந்தாலும் இதே தேடல்தான். பிளஸ் பக்கம் போனால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது காற்றளவு சென்சார் அழுக்காகியிருக்கிறது.

ஆக்சிஜன் சென்சார்: புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்வது இது. சூடான என்ஜினில் முன் சென்சாரின் அளவு அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தால் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கெட்டுப்போன சென்சாரை மாற்றினால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூடத் திரும்பலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு. இந்த வழிகாட்டியில் காரில் செய்யும் ஒரே வேலையால் இவ்வளவு கிடைக்கக்கூடிய இடம் வேறெதுவும் இல்லை.

பணத்தைக் கொட்ட வேண்டாத இடங்கள்

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்பது கார்புரேட்டர் வண்டிகளுக்குச் சரி. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, இன்ஜெக்ஷன் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, பிக்கப் மட்டும் குறைந்தது. மாற்றுங்கள், ஆனால் மைலேஜுக்காக என்று நினைக்காதீர்கள். கையேடு கேட்காத உயர் ஆக்டேன் பெட்ரோலும் வீண். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று விற்கும் கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேல் ஆராய்ந்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி மைலேஜைக் கூட்டியது ஒன்றுகூட இல்லை. எண்ணெய் மட்டும் கையேட்டில் உள்ள கிரேடிலேயே இருக்கட்டும். தடித்த எண்ணெய் ஊற்றினால் ஒன்றிரண்டு சதவீதம் போகும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

"மைலேஜ் கொடுக்க மாட்டேங்குது, பாருங்கண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் ஜெனரல் சர்வீஸ் செய்து பில் போடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று டேங்க் கணக்கு, சராசரி வேகம், கூலன்ட் வெப்பநிலை, திருத்த எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த வேலை செய்தாலும் ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி, அடுத்த மூன்று டேங்கை மறுபடி எழுதுங்கள். ஐந்து பாகத்தை ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் சரியாக இருந்து சராசரி வேகம் மட்டும் 15-க்குக் கீழே என்றால், இந்தக் காரில் இனிச் செய்ய ஒன்றுமில்லை. அடுத்த கார் வாங்கும்போது ஹைபிரிட்டையோ மின்சாரக் காரையோ ஓட்டிப் பாருங்கள். நிற்கும்போது அவற்றில் என்ஜின் வீணாகச் சுற்றுவதில்லை, பிரேக்கில் போகும் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்கும் திரும்புகிறது.